காலடித் தசைநாணும் கருத்தாவைப் பற்றிய வினாவும்

உடம்பின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தத்தம் தொழிலுக்கு ஏற்ப அமைந்திருப்பதைக் கொண்டு, அவற்றை அவ்வாறு அமைத்த கருத்தா ஒருவன் உளன் என்று துணியலாமா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. கருத்தா என்னும் சொல் இங்கே அறிவோடு ஒன்றைச் செய்பவனைக் குறிக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினா தனியொரு கூர்மையைப் பெற்றது. மேனாட்டு உடற்கூற்றியலும் சைவ சித்தாந்தமும் ஒரே சிறு நிலப்பரப்பில், ஒரே மொழியில், ஒரே தலைமுறையினரிடையே நேருக்கு நேர் நின்றது அங்கேதான். இரண்டும் உடம்பை உறுப்புறுப்பாகப் பிரித்து எண்ணின. இரண்டும் அவ்வெண்ணிக்கையைக் கடந்து உடம்புக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் சுட்டின. ஆயினும் அவை சென்ற வழிகள் வேறு. அவ்வழிகளை ஒப்பிட்டு எடைபோட முழு உடம்பையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணைக்காலின் பின்புறத்தில் ஆழப் பதிந்து, பெருவிரல் ஒழிந்த நான்கு கால்விரல்களையும் மடக்கும் ஒரு தசையே போதும். கருத்தா உண்டு என்று உடலமைப்பைக் கொண்டு வாதிட்ட ஐரோப்பிய ஆசிரியருள் தலையாயவர் தம் சான்றுகளுள் ஒன்றாகக் காட்டியது இத்தசையின் நாணையே.

முதலில் அத்தசையின் இருப்பிடத்தை அறிய வேண்டும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே இரண்டு என்புகள் உள்ளன; அவற்றுள் உட்புறமாய் நிற்பது தடித்தது, உடம்பின் பாரத்தைத் தாங்குவது; வெளிப்புறமாய் நிற்பது மெலிந்தது. தடித்த உள்ளென்பின் பின்முகத்தில், கெண்டைக்காலைத் திரட்டிக் காட்டும் பெருந்தசைகளுக்கு அடியில், விரல்மடக்கும் நெடுந்தசை தொடங்குகிறது. கீழே செல்லச் செல்ல அதன் சதைப்பகுதி குறுகி, வெண்ணிறமான, நீளாத, உறுதியான நாணாக மாறுகிறது. தசையின் இழுவிசையை என்புக்குக் கொண்டுசெல்லும் இவ்வகை நாரையே தசைநாண் என்பர். அந்நாண் கணுக்காலின் உட்புற மொளிக்குப் பின்னால் வளைந்து, மொளிக்கும் குதி என்புக்கும் இடையே இழுத்துக் கட்டப்பட்ட பட்டை ஒன்றின் அடியில் நுழைந்து உள்ளங்காலை அடைகிறது. அவ்வளைவில் மொளி கிணற்றுக் கப்பியின் வேலையைச் செய்கிறது: மேல்நோக்கி இழுக்கும் விசை அங்கே திசைமாறிப் பாதத்தின் நெடுக்கே செல்லும் விசையாகிறது. அப்பட்டையின் கீழே உள்ள ஒடுங்கிய வழியில் வேறு இரண்டு தசைநாண்களும், உள்ளங்காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியும், உள்ளங்காலுக்கு உணர்வைத் தரும் நரம்பும் உடன் செல்கின்றன. அவ்விடத்தில் நரம்பு நெரிபட்டால் உள்ளங்கால் முழுவதும் எரிவு பரவுவது இதனால்தான்.

உள்ளங்காலில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. பெருவிரலை மடக்கும் தசை வெளியென்பிலிருந்து எழுந்து உட்புற விரலுக்குச் செல்கிறது. ஏனைய நான்கையும் மடக்கும் தசையோ உள்ளென்பிலிருந்து எழுந்து வெளிப்புற விரல்களுக்குச் செல்கிறது. ஆகவே இரண்டின் நாண்களும் உள்ளங்காலின் நடுவில் ஒன்றையொன்று குறுக்கிட்டே ஆக வேண்டும். அக்குறுக்கீட்டில் அவ்விரண்டையும் இணைக்கும் இழைக்கற்றை பெரும்பாலோரிடம் காணப்படுகிறது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு நாணை வெட்டியெடுத்துக் காலின் வேறொரு பழுதைச் சீர்செய்யப் பயன்படுத்தும்போதும் விரல்கள் மடங்கும் ஆற்றலை முற்றாக இழந்துவிடாமைக்கு இவ்விணைப்பு ஒரு காரணம். மேலும், நெடுந்தசையின் நாண் பாதத்தின் உட்புறத்திலிருந்து வருவதால் விரல்களைச் சரிவாகவே இழுக்கும். குதி என்பிலிருந்து எழும் துணைத்தசை ஒன்று அந்நாணைப் பின்னோக்கிப் பற்றி அச்சரிவை நேராக்குகிறது. பின்னர் நாண் நான்காகப் பிரிந்து விரலுக்கு ஒன்றாகச் செல்கிறது. உள்ளங்காலில் தோலுக்கு அண்மையில் உள்ள குறுந்தசை ஒன்றும் அதே விரல்களுக்கு நாண் அனுப்புகிறது. குறுந்தசையின் நாண் விரலின் நடு என்போடு நின்றுவிட, நெடுந்தசையின் நாண் நுனி என்பு வரை செல்ல வேண்டியிருக்கிறது. குறுநாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, அப்பிளவின் ஊடாக நெடுநாண் புகுந்து நுனியை அடைகிறது. நடக்கும்போது குதி எழும்பிப் பாரம் முன்பாதத்துக்கு மாறும் கணத்தில் விரல்கள் நிலத்தை அழுத்திப் பிடிப்பது இவ்வேற்பாட்டினால்.

வில்லியம் பேலி என்னும் ஆங்கிலத் திருச்சபையாளர் 1802இல் வெளியிட்ட இயற்கை இறையியல் பற்றிய நூலில் இப்பிளவை எடுத்துக் காட்டினார். இயற்கை இறையியல் என்பது வேதநூலின் துணையின்றி, படைப்புப் பொருள்களை ஆராய்ந்தே இறைவனின் உண்மையையும் குணங்களையும் அறிய முயலும் துறை. ஒரு நாண் இன்னொரு நாணைத் துளைத்துச் செல்லும் இவ்வமைப்பு, அக்காலத்துப் பருத்தி ஆலைகளில் விசையைக் கடத்தப் பயன்பட்ட வார்களிலும் கயிறுகளிலும் காணப்பட்ட எந்தச் சூழ்ச்சிக்கும் குறைந்ததன்று என்பது அவர் கருத்து. ஆலையைக் கண்டவன் அதை அமைத்தவனை மறுக்காதது போலக் காலைக் கண்டவனும் அதை அமைத்தவனை மறுக்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். இந்நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கல்லூரி மாணவர் நெடுங்காலம் படித்த நூல்; இளமையில் சார்ல்ஸ் டார்வினும் கேம்பிரிட்ஜில் இதை விரும்பிப் படித்தார். சமயத் தொண்டும் அறிவியல் கல்வியும் ஒன்றையொன்று தாங்கும் என்று நம்பிய ஒரு தலைமுறையின் மனநிலையை இந்நூல் தெளிவாகக் காட்டுகிறது.

அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, உள்ளூர் மாணவருக்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்று திரும்பி, 1873 வரை அப்பணியில் இருந்தார். தம் மாணவரின் துணையோடு உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு, இரசாயனம் ஆகிய துறைகளின் பாடநூல்களைத் தமிழாக்கினார். இலண்டனில் 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலை முதன்மையாகக் கொண்ட மனுஷாங்காதிபாதம் 1872இல் வெளியாயிற்று. ஆங்கில மூலம் வெளிவந்து பதினான்கே ஆண்டுகளில், காலின் ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தமிழ் மாணவன் தன் மொழியில் படிக்க வழி பிறந்தது. இந்தியத் துணைக்கண்டத்தின் மொழிகளுள் அக்காலத்தில் இத்தகைய பேறு பெற்றவை மிகச் சிலவே. கிறீன் தம் மருத்துவத்தைக் கிறிஸ்தவத் தொண்டாகவே கருதினார், அதை மறைக்கவும் இல்லை. தமிழருக்கு மருத்துவத் தொண்டர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பமாயிருந்தது.

அதே 1822இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிஷன் பாடசாலையில் கற்று, பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைபுரிந்து, பின்னர் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், 1854இல் சைவ தூஷண பரிகாரம் என்னும் நூலினால் மிஷனரிமாரின் கண்டனங்களுக்கு விடையிறுத்தார். இவ்விரு பெயர்களையும் எதிரெதிராக நிறுத்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் அக்காலத்து அறிவுப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்க மிஷனரி சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1850களில் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். கிறீன் மேனாட்டாரின் உடற்பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே தலைமுறையில், சில கல் தொலைவில் பணியாற்றிய அவருடைய சமயத்தவர் சைவரின் உடற்பட்டியலை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றிருக்கிறார். தத்துவக் கட்டளை உண்மையில் ஒரு பட்டியலே; உடம்பும் உலகமும் உயிரின் கருவிகளும் எந்தெந்தக் கூறுகளால் ஆனவை என்பதைத் தொண்ணூற்றாறு என்னும் தொகையில் அடக்கிக் காட்டும் சிறுநூல் அது.

அப்பட்டியலில் காலின் இடம் சிந்தனைக்குரியது. தத்துவம் முப்பத்தாறு, அவற்றின் விரிவாகிய தாத்துவிகம் அறுபது. தத்துவங்களுள் தொழிற்கருவிகளாகிய கன்மேந்திரியங்கள் ஐந்து: வாக்கு, பாதம், பாணி, பாயு, உபத்தம். இவற்றுள் பாதம் என்பது கண்ணால் காணப்படும் கால் அன்று. காலை இடமாகக் கொண்டு நின்று நடத்தல் என்னும் தொழிலை நிகழ்த்தும் ஆற்றலே பாதம். காணப்படும் காலின் தசையும் நரம்பும் என்பும் தோலும் மயிரும் நிலத்தின் கூறுகளாகத் தாத்துவிகத்தில் எண்ணப்படுகின்றன. நடத்தல், ஓடுதல் முதலிய அசைவுகளோ காற்றின் கூறுகளாக எண்ணப்படுகின்றன. மேற்பார்வைக்கு இது ஐம்பூதக் கொள்கையின் பழைய வகைப்பாடாக மட்டுமே தோன்றும். ஆழ்ந்து நோக்கினால், மூன்று பொருள்கள் இங்கே கவனமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: அசையும் பொருள், அசைவு, அசைவை நிகழ்த்தும் ஆற்றல். உடற்கூற்று நூல் முதலிரண்டையும் சைவநூலைவிடப் பன்மடங்கு துல்லியமாகச் சொல்கிறது என்பதில் ஐயமில்லை. நெடுநாண் குறுநாணைத் துளைத்துச் செல்வதை எந்தச் சித்தாந்த நூலும் கூறவில்லை; கூறியதாகக் காட்ட முற்படுவது நூலுக்கும் நேர்மைக்கும் இழைக்கும் தீங்கு. கூத்தப்பெருமானின் தூக்கிய திருவடியில் கால்தசைகளின் அறிவியலைத் தேடுவாரும் உளர். உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த நூல் அத்திருவடிக்கு அருளல் என்றும், ஊன்றிய திருவடிக்கு மறைத்தல் என்றும் பொருள் கூறுகிறது. அப்பொருளுக்கு உடற்கூற்றின் சான்று தேவையில்லை.

இனி வாதத்துக்கு வருவோம். சைவ சித்தாந்தமும் உலகத்துக்குக் கருத்தா உண்டு என்றே நிறுவுகிறது. மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் முதலாவது இதையே பொருளாகக் கொண்டது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அது அறிவற்ற பொருள். அறிவற்றது தானே இம்மூன்று நிலைகளையும் அடையாது. ஆகவே அதை ஒடுக்கிய அறிவுப்பொருளே அதைத் தோற்றுவிக்கவும் வேண்டும் என்பது அச்சூத்திரத்தின் கருத்து. குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்னும் வழக்கமான எடுத்துக்காட்டின்படி, உலகுக்கு மாயை முதற்காரணமாகவும் சத்தி துணைக்காரணமாகவும் சிவன் நிமித்த காரணனாகவும் கொள்ளப்படுவர்.

பேலியின் வாதமும் இதுவும் ஒன்றே என்று அவசரமாகக் கூறுவார் உண்டு, அது தவறு. பேலி தம் வாதத்தை அமைப்பின் நேர்த்தியின் மேல் நிறுத்தினார்: நாண் துளைத்துச் செல்வது அவ்வளவு பொருத்தமாக இருப்பதால் அதற்குப் பின்னே ஓர் எண்ணம் இருக்க வேண்டும் என்றார். மெய்கண்டார் தம் வாதத்தை மாறுதலின் மேல் நிறுத்தினார்: பொருள் நேர்த்தியானதோ அன்றோ, அது தோன்றி மறைவது என்பதே அவருக்குப் போதும். இவ்வேறுபாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிறியதாகத் தோன்றியிருக்கலாம். 1859இல் டார்வினின் உயிரினத் தோற்ற நூல் வெளிவந்தபின் அது மிகப் பெரியதாயிற்று.

டார்வினின் வழிவந்த விளக்கத்தின்படி, ஒரு நாண் மற்றொன்றைத் துளைக்கும் அமைப்பு மனிதக் காலுக்கென்று தனியே எண்ணிச் செய்யப்பட்டதன்று. மனிதனின் கைவிரல்களிலும் அதே அமைப்பு இருக்கிறது. குரங்கினத்தின் கையிலும் காலிலும் இருக்கிறது. விரலால் எதையும் பற்றாத விலங்குகள் பலவற்றிலும் இருக்கிறது. கிளையைப் பற்றும் காலிலிருந்து நிலத்தில் ஊன்றும் கால் உருவான நெடிய வரலாற்றில், பழைய கருவி புதிய வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. இதைவிட நேரான இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. குறுந்தசை சிறுவிரலுக்கு அனுப்ப வேண்டிய நாண் மனிதருள் பலரிடம் இல்லவே இல்லை; அவர்களுடைய சிறுவிரலில் துளைபடுவதற்கு நாணும் இல்லை, துளையும் இல்லை. அவர்கள் ஏனையோரைப் போலவே நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், நல்லூர்த் தேர்வடம் பிடிக்கிறார்கள். துளையே படைத்தவனின் கையெழுத்து என்றால், அக்கையெழுத்து இல்லாத காலைப் பற்றி என்ன சொல்வது? பேலியின் வாதம் இவ்வினாவின் முன் தடுமாறுகிறது. மெய்கண்டாரின் வாதத்தை இது தொடுவதே இல்லை, ஏனெனில் துளையுள்ள விரலும் துளையற்ற விரலும் ஒருங்கே தோன்றி ஒருங்கே அழிபவை. சித்தாந்த வாதம் முடிவாக நிறுவப்பட்டுவிட்டது என்பது இதன் பொருளன்று. அறிவற்ற பொருள் தானே மாறாது என்னும் அதன் அடிப்படை முற்கோள் இன்றைய அறிவியலின் முன் விரிவாகக் காக்கப்பட வேண்டிய ஒன்று. ஆனால் சோதனை அங்கேதான் நிகழ வேண்டும். தசையின் நேர்த்தியிலோ குறையிலோ அன்று.

தசையைக் கொண்டு எழக்கூடிய வினாக்களுள் இதனினும் ஆழமானது வேறொன்று: விரலை மடக்குவது யார்? உள்ளங்காலின் வெளிப்புற ஓரத்தைக் குதியிலிருந்து முன்னோக்கி ஒரு மழுங்கிய முனையால் கீறினால், நலமுள்ள வளர்ந்தோரின் விரல்கள் தாமே கீழ்நோக்கி மடங்கும். சிசுக்களிடத்தும், மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியே செல்லும் இயக்க நரம்புப் பாதை பழுதுற்றோரிடத்தும் பெருவிரல் மேல்நோக்கி எழும்பும். ஜோசப் பாபின்ஸ்கி 1896இல் விவரித்த இக்குறியை இன்றும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் மருத்துவர் சோதிக்கின்றனர். இம்மடக்கத்தில் எவருடைய விருப்பமும் இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இத்தாலியரான கல்வானி, இறந்த தவளையின் கால் மின்தூண்டலால் துடிப்பதைக் காட்டியிருந்தார். உயிர் நீங்கிய உடம்பிலும் தசை அசையும் என்றால், அசைவுக்கு உயிர் எதற்கு என்று உலகாயதர் கேட்பர். உலகாயதர் என்போர் உடம்பின் சேர்க்கையே அறிவைத் தோற்றுவிக்கிறது, உடம்புக்கு வேறான உயிர் இல்லை என்போர். சிவஞான சித்தியார் என்னும் சித்தாந்த நூலில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியாகிய பரபக்கம் முதலில் எடுத்து மறுப்பது அவர்களுடைய கொள்கையையே.

சித்தாந்தத்தின் விடை இவ்விடத்தில் எதிர்பாராத அளவுக்கு உறுதியானது. அது அசைவை உயிரின் அடையாளமாகக் கொள்ளவில்லை. சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்குக் காட்டும் காரணங்களுள் ஒன்றேனும் உறுப்பு அசைவதை அடிப்படையாகக் கொண்டதன்று. எல்லாவற்றையும் இல்லை என்று மறுத்துச் செல்வதற்கும் ஓர் அறிவு இருத்தல், உடம்பை என்னுடையது என்று ஒருவர் வேறாக்கிச் சொல்லுதல், ஒரு பொறி அறியாததை இன்னொரு பொறி அறிய ஐந்தின் அறிவையும் ஒன்றே அறிந்துகொள்ளுதல், உறக்கத்தில் மூச்சு இயங்கியும் நுகர்ச்சியும் செயலும் இல்லாதிருத்தல் என அக்காரணங்கள் அனைத்தும் அறிதலையும் உரிமையையும் பற்றியவை. உறங்குவோரின் உள்ளங்காலைக் கீறி விரல் மடங்கினால், மடக்கம் உண்டு, மடக்கினேன் என்பது இல்லை. விழித்திருப்பவர் நல்லூர் வீதியின் சுடுமணலில் விரல்களை ஊன்றி நடக்கும்போது அதே தசை, அதே நரம்பு, அதே நாண் இயங்க, அத்துடன் அவ்விருப்பமும் அவ்வெப்பமும் ஒருவருக்கு உரியவையாகின்றன. இவ்வுரிமை எங்கிருந்து வருகிறது என்பதற்கு உடற்கூற்று நூலில் பக்கம் ஒதுக்கப்படவில்லை. அதை அந்நூலின் குறையாகக் கொள்ள வேண்டியதும் இல்லை.

சித்தாந்தம் கூறும் ஐந்து அவத்தைகளும், அதாவது உயிர் நிற்கும் நிலைகளும், இவ்விடத்தில் ஒளி தருகின்றன. நனவிலிருந்து கனவுக்குச் செல்லும்போது அறிகருவிகள் ஐந்தும் தொழிற்கருவிகள் ஐந்தும் நின்றுவிட, எஞ்சிய கருவிகளோடு உயிர் கனவை நுகர்கிறது என்பர். ஆகவே கனவில் ஓடுபவருக்குப் பாதம் என்னும் தொழிற்கருவி இயங்குவதில்லை. கனவு மிகும் உறக்கப் பகுதியில் கைகால் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடப்பதை இன்றைய உறக்க ஆய்வும் காண்கிறது. இவ்வொப்புமை மகிழ்ச்சி தருவது. ஆயினும் இது கொள்கையை விளங்கிக்கொள்ள உதவுமேயன்றி அதை நிறுவ உதவாது.

இதுவரை சித்தாந்தம் வலுவாக நின்ற இடங்கள். அது தடுமாறக்கூடிய இடம் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றிப் பேசாமல் விடுவது முறையன்று. உடம்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்குக் காரணம் என்ன என்னும் வினாவுக்குச் சித்தாந்தம் கன்மம் என்று விடை கூறுகிறது: உயிர் முன் செய்த வினைக்கு ஏற்ப உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் அதற்குத் தரப்படுகின்றன. தநு, கரணம், புவனம், போகம் எனப்படும் இந்நான்கும் தண்டனைகளாக அன்றி, ஆணவ மலத்தின் பிடியிலிருந்து உயிர் விடுபடுவதற்கான துணைகளாகவே தரப்படுகின்றன என்பது ஆசிரியர்களின் தெளிவான கருத்து. ஆணவம் என்பது உயிரின் அறிவை அனாதியாகவே மறைத்து நிற்கும் குற்றம். ஆனால் மக்கள் வழக்கில் கன்மம் வேறு முகம் கொண்டுவிடுகிறது. இலங்கையின் பல ஆண்டுக்கால உள்நாட்டுப் போரில் வடபுலத்து மக்கள் பலர் கண்ணிவெடியாலும் எறிகணையாலும் கால் இழந்தனர். அவர்களைப் பார்த்து, முன்வினை என்று ஒரு சொல்லில் கணக்கை முடித்துவிடும் பழக்கம் கொடியது. அது சித்தாந்தமும் அன்று. வினை உண்டு என்பது ஒருவர் தம் துன்பத்தின் முன் நின்று தம்மைக் கேட்டுக்கொள்ளும் வினாவுக்கு இடம் தருவது. பிறருடைய துன்பத்தின் முன் நின்று அவர்மேல் தீர்ப்பு எழுதும் உரிமையை அது எவருக்கும் தரவில்லை. வெடியைப் புதைத்தவரின் பொறுப்பையும் அது துடைப்பதில்லை.

முழங்காலுக்குக் கீழே கால் துண்டிக்கப்படும்போது விரல்மடக்கும் நெடுந்தசை நடுவிலே வெட்டுண்டு, எஞ்சிய பகுதி இழுப்பதற்கு எதுவுமின்றி நிற்கிறது. அப்படியிருந்தும், இல்லாத விரல்கள் இறுக மடங்கி நோவதாகக் கால் இழந்தோர் பலர் உணர்கின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த போர்வீரரிடையே இதைக் கண்ட மருத்துவர் வெயர் மிச்செல், மனுஷாங்காதிபாதம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 1871இல், மாய உறுப்பு என்று பொருள்படும் பெயரை இதற்கு இட்டார். தமிழரான நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், இழக்கப்படாத மறுபக்க உறுப்பின் பிம்பத்தைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத உறுப்பு விரிவதாக மூளையை உணரச்செய்து இந்நோவைத் தணிக்க வழி காட்டினார். தூல உடம்பு அழிந்தும் நுண்ணுடம்பு எஞ்சியிருப்பதற்கு இதுவே சான்று என்று சிலர் கூற முற்படலாம். அது பொருந்தாது. பாதத்துக்கென மூளையில் உள்ள பகுதி பாதம் போனபின்னும் இயங்குகிறது என்பதே இதற்குப் போதிய காரணம்; காணக்கிடைக்கும் காரணம் இருக்கையில் காணாத ஒன்றைக் கருதலளவையால், அதாவது அனுமானத்தால், கொண்டுவருவது அளவை நூலாருக்கும் உடன்பாடன்று. இதிலிருந்து நியாயமாகப் பெறக்கூடியது ஒன்று உண்டு: காலின் உணர்வு காலிலேயே முடிந்துவிடுவதில்லை. காணப்படும் கால் வேறு, பாதம் என்னும் ஆற்றல் வேறு என்ற பழைய பாகுபாட்டை எளிதில் புறந்தள்ள முடியாது என்பதற்கு இது போதும்.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளுள் முதலாவதாகிய சரியை உடம்பால் செய்யும் தொண்டு. கோயிலை வலம்வருதலும், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை நடந்து செல்லுதலும் அதில் அடங்கும். கால் இருப்பதன் பயன் இதுவே என்று சைவம் சொல்லும்போது, கால் இல்லாதவர் அந்நெறிக்குப் புறத்தே தள்ளப்படுகிறாரா என்னும் வினா எழுகிறது. இல்லை என்பதே விடை. பாதம் தத்துவங்களுள் ஒன்று மட்டுமே. உயிர் எந்தக் கருவி இருக்கிறதோ அந்தக் கருவியால் தொண்டு செய்யலாம். நெறி கருவியின் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. ஜெய்ப்பூரில் 1960களின் இறுதியில், வெறுங்காலோடு நடப்போரையும் நிலத்தில் சம்மணமிட்டு அமர்வோரையும் மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட செயற்கைக் கால், யாழ்ப்பாணத்திலும் பலருக்குப் பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. செருப்பின்றி நிலத்தில் ஊன்றக்கூடிய கால் என்பதால் அதை அணிந்தவர் வலம்வரலாம், வயல்வரப்பில் நடக்கலாம். மடக்கும் தசையும் துளைக்கும் நாணும் அக்காலில் இல்லை. நடப்பவர் இருக்கிறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இயங்குகிறது; இந்து நாகரிகமும் சைவ சித்தாந்தமும் அங்கேயே கற்பிக்கப்படுகின்றன. மருத்துவ மாணவர் பாதத்தின் தசைகளைப் படிக்கும் அதே வாரத்தில் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தை உரையோடு ஒருமுறை வாசிக்க வேண்டும். சித்தாந்த மாணவர் தத்துவக் கட்டளையை மனனம் செய்வதோடு நில்லாமல், கிறீன் தம் மாணவரின் துணையோடு தமிழாக்கிய மனுஷாங்காதிபாதத்தைத் திறந்து கால் பற்றிய பகுதியையேனும் படிக்க வேண்டும். இரு நூல்களையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் பாடம் ஒன்றை வகுக்க இப்பல்கலைக்கழகத்தைவிடத் தகுதியான இடம் வேறில்லை. அப்பணியை அதன் ஆசிரியர்கள் முன்வந்து மேற்கொள்ள வேண்டும்.